திராட்சை வாங்கிக்கொண்டவர்கள்

உள்ளூர் கேபிள் சேனலில் நாங்கள் போட்ட அந்தச் சிரிப்பு நிகழ்ச்சிக்கு வைத்த பெயர் இப்போது யாருக்கும் நினைவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அதற்கு ‘நாலு மணி’ என்றுதான் பெயர். ஞாயிறு நாலு மணிக்குத் தொடங்கும், ஐந்துக்கு முடியும். கார்த்திகையில் ஆரம்பித்துத் தையில் முடித்தோம், பன்னிரண்டு ஞாயிறு. ஐயப்ப பக்தர்களின் வேன்கள் குமுளி மலைக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்த பருவம். பன்னிரண்டாவது ஞாயிறு ஐந்து மணியானபோது இருபது வருட நண்பன் ஒருவன் எனக்கு இல்லாமல் போயிருந்தான். வீட்டில் என்ன இல்லாமல் போனது என்பதை, விழுந்த பல்லின் இடத்தை நாக்கு தேடுவதுபோல, இன்னமும் தடவிக்கொண்டிருக்கிறேன்.

சேனல் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கம்பத்தில் ஒரு மாடி. முன்பு ஏலக்காய் மூட்டை அடுக்கிய அறை. மழை பெய்தால் சுவர் மணக்கும். இரண்டு கேமரா, ஒரு நீலத் துணி, பார்க்க வருபவர்களுக்கு முப்பது பிளாஸ்டிக் நாற்காலி. எடுத்ததை வெட்டி ஒட்ட ஆள் இல்லாததால்தான் எல்லாமே நேரலை. சேனல்காரர் அந்தக் குறையையே பெருமையாக்கி, இங்கே நடப்பதை அந்த நிமிஷமே பார்க்கலாம் என்று விளம்பரம் ஓட்டினார். கேபிளில் போவது அப்படியே இணையத்திலும் போகும். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் ஊர்ச் சிரிப்பை ஊரோடு சேர்ந்து சிரிப்பான்.

நேரலையில் என்ன வேண்டுமானாலும் விழும். ஒரு ஞாயிறு நாடகத்தின் நடுவே கூரையிலிருந்து பல்லி ஒன்று என் நண்பனின் தலையில் விழுந்தது. அவன் பதறவில்லை. செட்டின் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பி, பல்லி விழும் பலனை நிதானமாகப் படித்தான். தலை, கலகம். கேமராவைப் பார்த்து, வீட்டில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம் என்றான். இன்னொரு நாள் போனில் வந்த ஆண்டிபட்டி அம்மா ஒருவர், நாடகம் ஓடிக்கொண்டிருப்பதைச் சட்டை செய்யாமல், வைகை அணையில் இன்றைக்கு எத்தனை அடி தண்ணீர் என்று கேட்டார். அவன் வேஷத்தைக் கலைக்காமலேயே விசாரித்துப் பதில் சொன்னான்.

அவன் கோம்பையில் மைக்செட் கடை வைத்திருப்பவன். கல்யாணம், கருமாதி, திருவிழா, கட்சிக் கூட்டம், எதிலும் முதலில் கேட்கும் குரல் அவனுடையது. ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்பதற்குள்ளேயே மூன்று விதச் சிரிப்பு வைத்திருப்பான். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். பாதிரிமார் காலத்தில் ஞானஸ்நானம் வாங்கிய குடும்பம் என்னுடையது. குலசாமிக்குக் கிடா வெட்டுகிற குடும்பம் அவனுடையது. ஆனாலும் என்னைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவான். நான் எழுதுவேன், அவன் நடிப்பான். மறந்துபோகும் வசனங்களை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதி, கேமராவுக்குக் கீழே தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

எனக்கு உட்கார்ந்து எழுத வராது. சனிக்கிழமை காலை பஸ் ஏறி லோயர் கேம்ப் போவோம். பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து ராட்சசக் குழாய்களில் தலைகுப்புற இறங்கி, தன்னிடமிருந்த மின்சாரத்தையெல்லாம் பறிகொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் வாய்க்காலில் நடந்து போகும். அதன் கூடவே நாங்களும் நடப்போம். நான் சொல்லச் சொல்ல அவன் நடித்துக்கொண்டே வருவான். எதிரே சைக்கிளில் வருபவர் இறங்கி நின்று சிரித்தால் அந்த வரி தேறிவிட்டது.

எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. போட்டவன் அவன்தான். இந்தப் பள்ளத்தாக்கில் யாரைக் கேலி செய்தாலும் அவர் யாருக்காவது மாமனாகவோ மச்சினனாகவோ இருப்பார். பெயர் சொல்லாவிட்டாலும் நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால், யாரை வைத்து நாடகம் போடுகிறோமோ அவர் வீட்டுக்கு அந்த வாரமே ஒரு கிலோ பன்னீர் திராட்சையோடு போக வேண்டும். என்ன செய்யப்போகிறோம் என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். திராட்சையை வாங்கிக்கொண்டால் சம்மதம். வாங்காவிட்டால் நாடகம் கிடையாது. மேற்கொண்டு பேச்சும் கிடையாது.

அப்படித்தான் போனோம். கோம்பையில் நாய் வளர்க்கும் ஒருவரிடம் சிங்கம் மாதிரி ஒரு நாய் இருந்தது. பக்கத்து வீட்டுப் பூனையைக் கண்டால் மட்டும் கட்டிலுக்கடியில் போய்விடும். அவர் திராட்சையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நாய்க்கு முன்னால் இதைப் பேச வேண்டாம், ரோசப்படும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். குமுளி பஸ் கண்டக்டர், தன் விசிலைத் தப்பாக ஊதிவிடக் கூடாது என்று அரைமணி நேரம் ஊதிக் காட்டினார். ஐந்தாவது வாரம் எங்கள் கோயிலில் செபம் சொல்லும் உபதேசியார் மட்டும் திராட்சையைத் தொடவில்லை. தன் தும்மல் ஊருக்கே தெரியும், அதை டிவியில் வேறு பார்க்க வேண்டுமா என்றார். எழுதி, ஒத்திகையும் முடிந்திருந்த பத்து நிமிட நாடகம். என் நண்பன் அந்தத் தாள்களை என் கண்முன்னாலேயே கிழித்தான். ஞாயிறு வந்தது, பத்து நிமிடம் வெறுமையாகக் கிடந்தது. அவன் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, பத்து நிமிடமும் அதை விரிக்க முயன்றுகொண்டே இருந்தான். ஒரு வசனம் இல்லை. பள்ளத்தாக்கே விழுந்து விழுந்து சிரித்தது. தாளைப் பிடிக்க வேலையில்லாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற எனக்கு அன்றைக்கு அவனைக் கும்பிடத் தோன்றியது.

மூன்றாவது வாரத்துக்கு மட்டும் நாங்கள் திராட்சை வாங்கவில்லை.

என் மனைவிக்கு உத்தமபாளையத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கோம்பையிலிருந்து பஸ்ஸுக்கு நின்று நின்று அலுத்து ஒரு ஸ்கூட்டர் வாங்கினாள். லைசென்ஸுக்காக எட்டுப் போடப் போய் மூன்று தடவை தோற்றுத் திரும்பினாள். வெளியே யாருக்கும் தெரியாது; லைசென்ஸ் வந்துவிட்டது என்றே சொல்லிவைத்திருந்தாள். எட்டின் இரண்டாவது வளைவில் அவள் கால் தானாகத் தரைக்கு வந்துவிடும். மூன்றாம் தடவை ஓரத்தில் கிடந்த கல்லில் முட்டி, அந்தக் கல்லைப் பார்த்து ‘ஸாரி’ என்றிருக்கிறாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தபடி இதை என்னிடம் சொன்னாள். அவள் அடுப்படிக்குத் திரும்புவதற்குள் நான் பாதி எழுதிவிட்டேன்.

“மதினிகிட்டக் கேட்டாச்சா?” என்றான் அவன்.

“அது என் வீடுடா” என்றேன்.

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு நைட்டியை மாட்டி ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டான்.

அந்த சீசனில் அதிகம் சுற்றியது அந்த நாடகம்தான். எட்டுப் போடப் போன பெண் பூஜ்யம் போட்டுவிட்டு, வழியிலிருக்கும் ஒவ்வொரு கல்லிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வருவாள். ‘ஸாரி கல்லே’ என்பது வாட்ஸப்பில் ஏறிக் கம்பத்திலிருந்து தேனிவரை போனது. சந்தையில் கத்திரிக்காய் உருண்டால் ஸாரி கல்லே. பூசையில் காணிக்கைத் தட்டு கை தவறினால் யாரோ முணுமுணுப்பார்கள், ஸாரி கல்லே. கோம்பையில் யார் வீட்டு வாசலில் புது ஸ்கூட்டர் நிற்கிறது என்று ஊருக்குத் தெரியாதா. நாடகம் போட்ட அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் சோற்றைப் போட்டு, நன்றாக இருந்தது என்றாள். அந்த வார்த்தையை நான் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். மறுவாரம் வண்டிக்கு ஒரு உறை வாங்கிப் போட்டாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். அவள் திரும்பவும் பஸ்ஸில் போய்வருவதைப் பார்த்தும், பார்க்காமலிருந்தேன்.

என்னிடமும் ஒரு ரகசியம் இருந்தது. பத்து வருடத்துக்கு முன்பு என் கவிதைகளைப் புத்தகமாகப் போட்டேன். ஒரே ஒரு புத்தகம். கட்டுக் கட்டாகக் கட்டிலுக்கடியில் கிடக்கிறது. நீட்டினால் வாங்கிக்கொண்டு அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்புறம் படிக்கிறேன் என்பவர்களின் முகம் எனக்குத் தாங்காது. அதனால் மாதத்தில் ஒரு நாள், ஆண்டிபட்டி வழியாக மதுரை போகும் பஸ்ஸில் ஏறுவேன். ஜன்னலோரம் ஒரு காலி இருக்கையில் ஒரு பிரதியை வைத்துவிட்டு, இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்துகொள்வேன். யாராவது எடுப்பார்களா, பிரிப்பார்களா, பிரித்த பக்கத்தில் ஒரு நிமிடம் நிற்பார்களா என்று ஒரு பின்னந்தலையையே பார்த்துக்கொண்டு போவேன். பெரும்பாலும் அதன் மேலேயே உட்கார்ந்துவிடுவார்கள். ஒருமுறை ஆண்டிபட்டியில் நான் இறங்கி நடந்தபோது, பூக்கூடைக்காரப் பெண் ஒருத்தி ஓடஓட வந்து, மூச்சிரைக்க, “ஐயா, புத்தகத்த மறந்துட்டீகளே” என்று கையில் திணித்தாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய.

கரண்ட் போன ஒரு மழை நாளில் இதை என் மனைவியிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்தான். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியை நம்பித்தான் இந்த ஊரில் நான் கவிஞன் என்ற நினைப்போடு நடமாடிக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாவது வாரத்துக்கு நான் எழுத வேண்டாம் என்றான் என் நண்பன். தாளைத் தூக்கிப் பிடித்துத் தோள் கழன்றிருக்கும், கடைசி நாளாவது முன்வரிசையில் ராஜா மாதிரி உட்கார்ந்து பார் என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வியாழக்கிழமை வீட்டில் ஒரு தட்டு நிறையப் பன்னீர் திராட்சை, என் மனைவி கழுவி வைத்திருந்தாள். ஏது என்றேன். தெரிந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்றாள். பிள்ளைகளின் கட்டுரை நோட்டைத் திருத்திக்கொண்டே தட்டைக் காலி செய்தேன். விதையைக்கூடத் துப்பவில்லை.

ஞாயிறு நாலு மணி. மூன்று பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். பார்த்ததும் பஸ் என்று தெரிந்தது. அவன் ஜோல்னாப்பையோடு ஏறினான். என் கண்ணாடி மாதிரியே ஒரு கண்ணாடி. பேசுவதற்கு முன் நான் தொண்டையைச் செருமுவேனாம். அவன் செருமிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல இருக்கையில் வைத்தான்.

முதல் பயணி அந்தப் புத்தகத்தால் இருக்கையைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். இரண்டாமவர் அதில் வடை எண்ணெயை ஒற்றினார். மூன்றாமவர் விசிறினார். விசிறும்போது இரண்டு வரிசை பின்னாலிருந்த ‘கவிஞர்’, காற்றாவது என் கவிதை வழியாக வருகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பூக்கூடையோடு ஒரு பெண் எழுந்தாள். கவிஞர் ஓட, அவள் துரத்த, செட்டை மூன்று சுற்றுச் சுற்றினார்கள். “ஐயா, மறந்துட்டீக, ஐயா, மறந்துட்டீக.” கடைசியில் மடக்கிப் பிடித்துக் கையில் திணித்துவிட்டு, அட்டையிலிருந்த படத்தையும் அவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். “நீங்க எழுதுனதா? அதேன், தொறக்கவே பயமா இருந்துச்சு.”

அறை அதிர்ந்தது. போனில் வந்த ஒருவர், நிஜமாகவே இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று கேட்டார்.

“இருக்காக. முன்னாலதான் உக்காந்துருக்காக” என்றான் அவன்.

இரண்டாவது கேமரா என் பக்கம் திரும்பியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நேரலை. திருப்பூர் பார்க்கிறது, துபாய் பார்க்கிறது. நான் சிரித்தேன். பல் தெரிய, தோள் குலுங்க, பக்கத்து நாற்காலிக்காரர் முதுகில் தட்ட, சிரித்தேன். அதில் ஒரு வார்த்தைகூட என்னுடையது இல்லை என்பது வேறு வலித்தது. நன்றாக எழுதியிருந்தான்.

முடிந்ததும் மாடிப்படியில் அவனை நிறுத்தினேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கேக்காமச் செஞ்சுட்டியேடா.”

“கேட்டேன்ல. வியாழக்கிழம வீட்டுக்குத் திராட்சை வந்துச்சா இல்லையா?”

“எங்கிட்டக் கேக்கலையே.”

“அது உன் வீடு பங்காளி. நீ சொன்னதுதான.”

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். கண்ணாடியையும் தொண்டைச் செருமலையும் வைத்துச் சின்னதாக ஏதாவது செய்யலாம் என்றுதான் போனானாம். “பஸ்ஸு கதைய நான் தோண்டி எடுக்கல. மதினிதான் சொன்னாக. திராட்சையவும் அவுகதான் வாங்கிக்கிட்டாக.”

கோம்பை பஸ்ஸில் எனக்கு இடம் கொடுத்தவர், தான் எழுந்த இருக்கையைக் குனிந்து பார்த்துவிட்டு, புத்தகம் எதுவும் இல்லையே சார் என்றார். அன்பாகத்தான் கேட்டார். வெயில் இன்னும் இருந்தது. மேற்கே மலை நீலமாக, எதற்கும் சாட்சி சொல்லாமல் நின்றது. அந்தக் கொஞ்ச தூரத்தில் மனதுக்குள் மூன்று தடவை வீட்டை விட்டுப் போய்விட்டு மூன்று தடவையும் திரும்பி வந்தேன்.

வாசலில் அவள் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். உறையை மடித்துச் சுவர்மேல் வைத்திருந்தாள்.

ஏன் சொன்னாய் என்று கேட்டேன். துணியை வாளியில் முக்கிப் பிழிந்தாள். அவசரமே இல்லை.

“நாய் வச்சுருக்கவரு வீட்டுக்குப் போயிக் கேட்டீக. கண்டக்டர்கிட்டக் கேட்டீக. உபதேசியாரு தும்மலுக்குக்கூட ஒரு மரியாத இருந்துச்சு.” ஹேண்டில்பாரைத் துடைத்தாள். “ஒருத்தருக்கு ரத்தம் எடுக்க ஊசி குத்துறேன், ஊசியப் பாத்து ‘ஸாரி கல்லே’ங்குறாரு. பெஞ்சுல உக்காந்துருந்தவக பூராம் சிரிச்சாக. நானும் சிரிச்சேன். இன்னைக்கு டிவியில நீங்க சிரிச்சீகல்ல, அந்தச் சிரிப்பு. ஒம்போது வாரமாச் சிரிச்சேன்.”

நியாயம் அவள் பக்கம் இருக்கிறது என்று தெரிவதால் குத்திய இடம் ஆறிவிடுகிறதா என்ன? நான் எடுத்தது ஒரு எட்டு. அவள் கொடுத்தது என் கையைப் பிடித்த அந்த மழை நாள். அதையும் இதையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்க்கிற புத்தி எனக்கு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. அவளும் எங்கேயோ அப்படி வைத்துப் பார்த்திருப்பாள். அவளுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது சீசனுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போகவில்லை. அவன் வேறு ஆளை எழுதவைத்துச் செய்கிறான். ஞாயிறு நாலு மணிக்குப் பக்கத்து வீட்டு டிவி வழியாக எனக்கும் கேட்கும். நன்றாகத்தான் இருக்கிறது. மாசியில் என் மனைவி போய் எட்டுப் போட்டுவிட்டு வந்தாள். பாஸானதை நானாகக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இப்போதெல்லாம் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கி, என் கையில் பேனா இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்கிறாள். சில சமயம் தொடர்வதில்லை. நானும் மதுரை பஸ்ஸில் ஏறுவதில்லை, ஏறினால் இருக்கையில் புத்தகத்தைத் தேடுவார்கள்.

இதை எழுத உட்கார்வதற்கு முன் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கிக்கொண்டு போய் அவள் முன்னால் வைத்தேன். எழுதப்போவதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். வெகுநேரம் திராட்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒன்றைக் கிள்ளி வாயில் போட்டாள்.

“அது கல்லு இல்ல. பழைய டயரு. நாடகத்துக்காக நீங்கதான் கல்லாக்குனீக. இதுலயாவது சரியா எழுதுங்க.”

இதோ எழுதிவிட்டேன், டயர்.

மிச்சத் திராட்சையைக் கவரில் கட்டி என் கையில் கொடுத்தாள். “அவுகளும் இதுல வர்றாகல்ல” என்றாள். சரி என்று கிளம்பினேன். மைக்செட் கடைக்கு எதிர்ச் சாரிவரை போனேன். உள்ளே எதையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தான் போலிருக்கிறது. ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ என்று குரல் தெருவுக்கு வந்தது, அந்த மூன்று சிரிப்பும் உள்ளே இருந்தன. நான் நிற்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் போய் நின்று, கவரைப் பிரித்து, ஒவ்வொன்றாக நானே தின்று முடித்தேன்.